உப்பு மூட்டையை வைத்து அளந்த உயரம்

ஜீப்பைத் தூக்கிக் கட்டலாம் என்று முதலில் சொன்னது என் மகள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. ஜீப்புக்கு வயிறு என்று ஒன்று இருப்பது அந்தக் கார்த்திகை மாதம்தான் அவளுக்குத் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

நான் வாலிநோக்கத்தில் ஓர் உப்பளத்துக்கு மேனேஜர். முதலாளி இராமநாதபுரத்தில் இருந்தார். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது அவர் ஒரு ஜீப்பை எடுத்தார். சில காலம் தாமே ஓட்டிப் பார்த்தார். இடுப்பு வலி வந்ததும் அளத்துக்கு அனுப்பிவிட்டார். அதன் ஸ்டீரிங் இடது பக்கம் இருக்கும். எதிரே வருகிற மாட்டு வண்டிக்காரர்கள் வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மகளைப் பார்த்துவிட்டு, பொம்பளைப் பிள்ளை ஜீப் ஓட்டிவருகிறது என்று பயந்து வண்டியைப் பாதி வயலுக்குள் இறக்கி வழிவிடுவார்கள். அவளும் அதற்கேற்றாற்போல் முகத்தை வைத்துக்கொள்வாள்.

காலையில் நாலு மூட்டை உப்பை ஏற்றிக் கடலாடிக் கடைகளில் இறக்குவேன். மகளை அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் விடுவேன். தாலுகா ஆபீஸ், தபாலாபீஸ் வேலைகளை முடித்துக்கொண்டு சாயங்காலம் அளத்துக்கு வேண்டிய சாமான் மூட்டைகளையும் அவளையும் ஏற்றி வீடு திரும்புவேன். எங்கள் ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரே பெண் பிள்ளை அவள்தான். ஜீப்பை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை. மழை விழுந்துவிட்டால் பஸ் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது.

பாதை என்று நான் சொல்வது வண்டித் தடத்தை. இரண்டு பக்கமும் மாட்டு வண்டிச் சக்கரங்கள் அறுத்து அறுத்துப் பள்ளமாக்கியிருக்கும். நடுவில் மண் காளையின் திமில் போல எழும்பி நிற்கும். மாட்டு வண்டியின் அச்சு உயரத்தில் இருப்பதால் அதற்குக் கவலை இல்லை. ஜீப்பின் அடியிலோ கியர்ப் பெட்டிக்குக் காவலாக ஓர் இரும்புத் தகடு தாழ்ந்து கிடக்கும். அதுதான் வயிறு. கோடையில் அந்த வயிறு திமிலின் மேல் கரகரவென்று உரசிக்கொண்டு போகும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம்.

அந்தக் கார்த்திகையில் ஒரு சாயங்காலம், பாதி வழியில் இருக்கிற ஓடையில் ஜீப் அப்படியே திமிலின் மேல் உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் தடத்துக்குள் சுற்றுகின்றன, ஜீப் நகரவில்லை. மேற்கே ஏதோ ஒரு கண்மாய் நிறைந்து வழிந்த தண்ணீர் சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தது. முதலில் என் செருப்பு மிதந்தது. பிறகு எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. மகளைத் தோளில் தூக்கி, அவளுடைய புத்தகப் பையின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கரையேறினேன்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் இரண்டு ஜோடி மாடு பூட்டி ஜீப்பை வெளியே இழுத்தார்கள். மகளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கதையைச் சொன்ன விதத்தில் ஓடைக்குள் ஒரு முதலையும் வந்து போயிருந்தது; அது நிஜமா என்று பிற்பாடு ஒரு வாத்தியார் என்னிடம் விசாரித்தார். நடுங்கியவன் நான்தான். குடிக்கத் தண்ணீர் எடுத்தால்கூட அந்த எஞ்சின் இருமுவது காதில் கேட்டது.

"இனிமே மழைக் காலத்துல பிள்ளை பள்ளிக்கூடம் போக வேணாம்" என்றேன் என் மனைவியிடம்.

"மாசக் கணக்குல வராத பிள்ளைய அங்கன வச்சுக்கிருவாகளா?"

"அப்ப பள்ளிக்கூடமே வேணாம்."

"நீங்க படிச்சவுகதானா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மகள் என்னோடு பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் அபூர்வம். எனக்கே சங்கடமாக இருந்தது. பிறகு ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அய்யா, வயிறு மோதுனதாலதான ஜீப்பு நின்னுச்சு? வயித்தத் தூக்கிட்டா?"

"எப்படித் தூக்குவ தாயி?"

"நான் எப்படித் தூக்குவேன்? தூக்குறவுககிட்டச் சொல்லுங்க."

மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. அடுத்த ஐப்பசிக்குள் ஜீப் உயர வேண்டும். முதல் மழையில் ஓடையைத் தட்டாமல் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் அவள் பள்ளி இறுதி வகுப்பை முடிக்கலாம். தாண்டாவிட்டால் அன்றோடு படிப்பு நின்றது. நான் சொன்னதை மகள் அம்மாவைச் சாட்சி வைத்துத் திரும்பவும் சொல்ல வைத்தாள்.

நல்லவேளையாக அந்த ஆண்டு மழை அத்துடன் ஓய்ந்தது. பங்குனியில் ஓடை காய்ந்து கிடந்தபோது மகள் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். ஒரு பனை மட்டைக் குச்சியைச் சக்கரத் தடத்தில் செங்குத்தாக நட்டு, திமில் எவ்வளவு உயரம் என்று பார்த்து, அதற்கு மேல் இரண்டு விரல் விட்டு ஒரு வெட்டுப் போட்டாள். ஜீப்பின் வயிறு அந்த வெட்டுக்கு மேல் நிற்க வேண்டும். குச்சி அன்று முதல் ஸீட்டுக்கு அடியில் இடம்பிடித்துக்கொண்டது.

இராமநாதபுரத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து, பர்மா எல்லைவரை போய் வந்தவர். சித்திரையில் ஒருநாள் நாங்கள் மூவரும் ஜீப்பில் போனோம். மெக்கானிக் அடியில் படுத்து, எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

"தூக்குறதுக்கு மூணு தினுசு இருக்கு சார். அடுக்கடுக்கா இருக்கே, இந்த ஸ்பிரிங் பட்டை நுனி சட்டத்துல தொங்குது பாருங்க, இந்தத் துண்டுதான் சாக்கிள். இத நீளமாப் போட்டா ரெண்டு விரல் ஏறும். சுலபமான வேலை. ஆனா ஸ்டீரிங் கொஞ்சம் அலையும்."

'அலையும்' என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை.

"ரெண்டாவது, ஸ்பிரிங் கட்டுல பட்டை சேக்குறது. நாலு விரல் ஏறும். மூணாவது, பட்டாளத்துக்காரன் வேலை. இப்ப அச்சுக்குக் கீழ கிடக்குற ஸ்பிரிங்கத் தூக்கி அச்சுக்கு மேல வச்சுக் கட்டிருவேன். ஒரு சாணுக்கு மேல ஏறிடும். ஒட்டகம் மாதிரி நிக்கும் சார்! எந்த ஓடையிலயும் இறங்கலாம்."

"கவுந்திராதா?"

"பாத்து ஓட்டுனா கவுறாது."

"பாத்து ஓட்டலைன்னா?"

"பாத்து ஓட்டலைன்னா மாட்டு வண்டியும் கவுறும் சார்."

மகளுக்கு ஒட்டகம் பிடித்துவிட்டது. எனக்கு ஜாயிண்ட் தேயுமா, பிரேக் குழாய் எட்டுமா என்று வரிசையாகச் சந்தேகங்கள். நான் கேட்கக் கேட்க அவர் சளைக்காமல் பதில் சொன்னார். என் மனைவி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "அந்த மூணு உசரத்தையும் தூக்கிக் காட்டுங்க" என்றாள். மெக்கானிக் ஜாக்கி வைத்துச் சட்டத்தை முதல் உயரத்துக்கு ஏற்றினார். அவள் புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினாள். இரண்டாவது உயரத்தில் கொஞ்சம் முனகிக்கொண்டு ஏறினாள். மூன்றாவதில் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இதுல ஏற ஏணி வேணும். ஏணியையும் ஜீப்லயே கொண்டு போவீகளா?"

"எப்பவாவது ஏறுறவுகதான அக்கா நீங்க" என்றார் மெக்கானிக்.

"எப்பவாவது ஓடைக்குள்ள போறதுக்காகத் தினம் தினம் மரம் ஏறச் சொல்றீகளே, அது மட்டும் சரியா?"

அதோடு ஒட்டகம் போயிற்று. மகள் முகம் வாடிற்று. ஆனால் அவளும் பாவாடை கட்டுகிறவள்தான்; ஒருதரம் ஏறிப் பார்த்துவிட்டு அவளும் ஒப்புக்கொண்டாள். பட்டை சேர்ப்பது என்று முடிவாயிற்று. எத்தனை பட்டை, எவ்வளவு வளைவு என்பது அடுத்த கேள்வி.

"தினமும் என்ன பாரம் போகும்?" என்று கேட்டார் மெக்கானிக்.

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். நாலு உப்பு மூட்டைகளை ஜீப்பிலேயே கொண்டுவந்திருந்தேன். "உத்தேசமாச் சொல்ல மாட்டேன். பாரத்தோடயே அளந்து பாருங்க" என்றேன். மெக்கானிக் அசந்துபோனார். "இதுக்குத்தான் சார் படிச்சவுக வேணும்கிறது" என்றார். நான் அதை மறுக்கவில்லை.

அன்றும் மறுநாளும் வேலை நடந்தது. பட்டைகளைச் சேர்த்து, மூட்டைகளை ஏற்றி, மகளையும் என்னையும் உட்கார வைத்து, குச்சியை அடியில் விட்டுப் பார்ப்பார். போதவில்லை என்றால் இறக்கு, கழற்று, இன்னொரு பட்டையை வளைத்துப் போடு. கடைசியில் குச்சியின் வெட்டு வயிற்றுக்குக் கீழே தாராளமாகப் போய் வந்தது. மகள் கைதட்டினாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம்.

அந்தக் கோடை முழுவதும் ஜீப் தொட்டில் போல ஓடியது. திமில் வயிற்றில் படவே இல்லை. கரகரச் சத்தம் போன பிறகுதான் அதற்கு முன் எவ்வளவு சத்தத்தோடு வாழ்ந்திருக்கிறோம் என்று தெரிந்தது. ஜீப்பின் உயரத்தைப் பார்த்துக் கடலாடிக் கடைக்காரர்கள், "மேனேஜருக்குச் சம்பளம் ஏறிருச்சா?" என்று கேட்டார்கள். நான் யார் கேட்டாலும் பட்டையைப் பற்றி விளக்கம் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன் என்று மனைவி சொல்வாள்.

ஐப்பசி பிறந்தது. வானம் கறுத்தது. எல்லா ஆண்டும் போல அளத்தில் வேலையை நிறுத்தினோம். குவித்த உப்பின் மேல் ஓலை வேய்ந்து மூடினோம். மழைக் காலத்தில் உப்பு விளையாது. ஓலையைப் பிரித்து மூட்டை பிடிப்பதும் இல்லை, அளத்துக்குச் சாமான் மூட்டைகள் ஏற்றி வருவதும் இல்லை. உப்பளத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ஜீப்பையும் உப்பையும் சேர்த்து ஒரு தரம்கூட நினைக்கவில்லை. போன கார்த்திகையில் ஓடையில் சிக்கியபோது ஜீப்பில் ஒரு மூட்டைகூட இல்லை என்பதும் எங்கள் மூவரில் ஒருவர் நினைவிலும் இல்லை.

முதல் நல்ல மழை பெய்த காலையில் மகளும் நானும் மட்டும் கிளம்பினோம். வீட்டு வாசல் தாண்டியதுமே ஏதோ சரியில்லை. பாரம் இல்லாத ஜீப் விறைத்துக்கொண்டு உயரத்தில் நின்றது. சின்னப் பள்ளத்துக்கும் கிடா மாதிரி துள்ளியது. மகளின் டிபன் டப்பா திறந்து தயிர்ச் சோறு பூகோளப் புத்தகத்தின் மேல் கொட்டியது. "அய்யா, மெதுவா!" என்றாள். மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ஓடைக்கு முன்னால் ஒரு கண்மாய்க் கரையின் மேல் போக வேண்டும். கரிசல் மண், நனைந்தால் வெண்ணெய். ஒரு பள்ளத்தில் பின்பக்கம் எம்பியது. எம்பியது எம்பிய இடத்தில் இறங்காமல் ஓரமாக இறங்கியது. ஒரு பின்சக்கரம் கரைக்கு வெளியே தொங்கிற்று. கீழே கண்மாய்த் தண்ணீர். மகளை என் பக்கமாக இழுத்து, இருவரும் இறங்கினோம்.

"திரும்பிருவோம் தாயி" என்றேன். எதிலிருந்து திரும்புகிறோம் என்பது இருவருக்கும் தெரியும். அவள் குச்சியை எடுத்து ஜீப்புக்கு அடியில் விட்டுப் பார்த்தாள். வெட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு பூனை புகுந்து போகும் அளவு இடைவெளி. பிறகு காலியாகக் கிடந்த பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அய்யா, நாம அளந்தப்ப மூட்டை இருந்துச்சே" என்றாள்.

நான் நனைந்தபடி நின்றேன். மழை நின்றுபோயிருந்தது என்பதைக்கூட அப்போதுதான் கவனித்தேன்.

அந்த நேரத்தில் கரைமேல் களையெடுக்கப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள். தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். முன்னால் வந்தவள் பேச்சுக்காரி. ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னங்கய்யா, ஜீப்பு தண்ணி குடிக்க இறங்குதா?"

"சிக்கிருச்சும்மா. ஒரு கை குடுங்க."

சேற்றில் கால் ஊன்றி, ஏலேலோ போட்டு, அவர்கள் தள்ளிய தள்ளில் ஜீப் பொம்மை போலக் கரைக்கு ஏறியது. நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் மகள் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க அத்தை. எல்லாரும் ஏறுங்க."

"மேனேஜரய்யா ஏத்த மாட்டாகளே" என்றாள் பேச்சுக்காரி. "போன வருசம் கையக் காட்டுனேன். என்னையப் பாக்காம கண்ணாடியப் பாத்துட்டுப் போனாக."

அது உண்மைதான். வெளியாள் யாரையும் ஏற்றக் கூடாது என்பது என் சட்டம். ஏற்றி ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில் போட்ட சட்டம்.

"இன்னிக்கு நீங்க ஏறுனாத்தான் ஜீப்பு போகும்" என்றாள் மகள். "நீங்கதான் உப்பு மூட்டை."

விஷயத்தை அவள் விளக்கியதும் ஒரே சிரிப்பு. "ரெண்டு பேருக்கு ஒரு மூட்டைன்னு வச்சாலும் நாலு மூட்டை இருக்கோம்ல?" என்று ஒருத்தி கணக்குப் பார்த்தாள். "நான் ஒருத்தியே ஒரு மூட்டை தேறுவேன்" என்றாள் இன்னொருத்தி. "நீயா? ஒன்றரை. சாக்கோட ஒன்னேமுக்கால்" என்றாள் பேச்சுக்காரி. ஏறி, நெருக்கி, மடியில் உட்கார்ந்து, ஒருவர் களைக்கொத்து இன்னொருவர் விலாவில் குத்தி, கத்திச் சிரித்து அமர்ந்தார்கள். ஜீப் மெல்ல முனகிக்கொண்டு தாழ்ந்தது. மகள் மறுபடி குச்சியை விட்டுப் பார்த்தாள். வெட்டு சரியாக வயிற்றுக்குக் கீழே நின்றது.

கரை முடியும்வரை ஜீப் துள்ளவில்லை, வழுக்கவில்லை. கோடையில் ஓடிய அதே தொட்டில். ஓடைக்கு வந்ததும் நான் நிறுத்தினேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திமில் தெரியவில்லை. என் காதில் எஞ்சின் இருமியது; ஆனால் எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்கய்யா, நல்ல நேரம் பாக்குறீகளா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தண்ணி எம்புட்டு இருக்குன்னு தெரியல."

பேச்சுக்காரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, தடத்தோடு நடந்து அக்கரை போய்த் திரும்பி வந்தாள். கெண்டைக்கால்வரைதான் நனைந்திருந்தது. தன் இடத்தில் உட்கார்ந்திருந்தவளை இடித்து நகர்த்திவிட்டு, "போங்க" என்றாள்.

மகள் பையை நெஞ்சோடு அணைத்து, கண்ணை முன்னால் வைத்திருந்தாள். நான் முதல் கியரில் இறங்கினேன். முன்சக்கரம் இறங்கியது. பின்சக்கரம் இறங்கியது. உரசும் சத்தத்துக்காக உடம்பெல்லாம் காதாக இருந்தேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நடு ஓடையில், திமிலுக்கு நேர் மேலே, பின்னால் இருந்த அத்தனை பேரும் திடீரென்று குலவையிட்டார்கள். நான் பயத்தில் ஸ்டீரிங்கைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். எப்படி அக்கரை ஏறினோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏறிவிட்டோம்.

"அய்யா, தட்டல" என்றாள் மகள். மற்றதையெல்லாம் பின்னால் இருந்தவர்களே பேசிவிட்டார்கள். அக்கரையில் தங்கள் வயலில் அவர்கள் இறங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு சரளை ரோடு. துள்ளினாலும் பாதகமில்லை. தயிர் வாசம் வீசும் பூகோளப் புத்தகத்தோடு அவள் வகுப்புக்குள் போவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் தாலுகா ஆபீசுக்குப் போனேன்.

அன்று முதல் அந்த மழைக் காலம் முழுவதும் அப்படித்தான். கரைக்கு இந்தப் பக்கம் ஊர்ந்து வருவேன்; பெண்கள் காத்திருப்பார்கள். சாயங்காலம் அவர்களையே ஏற்றிக்கொண்டு திரும்புவேன். வீட்டில் மனைவி, "இன்னிக்கு மூட்டை நிறைய வந்துச்சா?" என்றுதான் விசாரிப்பாள். களை வேலை இல்லாத நாளில் சந்தைக்குப் போகிறவர்கள் வந்தார்கள். ஒருநாள் ஆடுகள் வந்தன. இப்படி ஆள் தேடி அலைவதற்கு மணல் மூட்டை போட்டுக்கொள்ளலாமே என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"சிக்குனா மணல் மூட்டை இறங்கித் தள்ளுமாம்மா?" என்றாள் மகள்.

தை மாதம் மெக்கானிக்கிடம் போனபோது நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "எனக்கும் தோணலையே சார்! ஒண்ணு செய்வோம். மழைக்கு ஒரு பட்டையக் கழட்டிருவோம், கோடைக்கு மாட்டிருவோம்." அது நியாயமான யோசனைதான். ஆனால் பட்டையைக் கழற்றினால் களையெடுக்கிற பெண்களிடம் என்ன சொல்வது? இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகள் பள்ளி இறுதித் தேர்வில் தேறினாள். இப்போது மதுரையில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். அவள் இல்லாத ஜீப்பை மழை நாளில் வெளியே எடுக்க வேண்டிய அவசியம் எனக்கு அதிகம் இல்லை. ஆனாலும் ஐப்பசி பிறந்தால் காலையில் அந்தக் கரைக்குப் போய்விடுகிறேன். தாலுகா ஆபீசில் வேலை இருக்கிறது என்று மனைவியிடம் சொல்கிறேன். அவள் நம்புவதில்லை, தடுப்பதும் இல்லை.

இந்த ஐப்பசியில் பேச்சுக்காரி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் வழியத் தலை வாரி, புதுப் பை மாட்டிய சின்னப் பெண்.

"கடலாடிப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கேன். இவ கால் மூட்டை தேறுவா. முன்னால வச்சுக்கங்க."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அப்பால் ஓடையை நினைத்தேன். இன்னொருத்தர் பிள்ளை என்றால் பயம் இரட்டிப்பு. சொல்வதற்கு ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சின்னப் பெண் ஏறி, என் மகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் அவளைப் பார்த்துவிட்டு அவசரமாக வண்டியை ஒதுக்கினார்.

ஓடை வந்தது. கியரை மாற்றினேன். பின்னால் குலவைக்குத் தொண்டையைச் செருமுவது கேட்டது. அந்தச் சின்னப் பெண் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த என் கைகளையே உற்றுப் பார்த்தாள்.

"மேனேஜரய்யா, நீங்க நடுங்குறீகளா, ஜீப்பு நடுங்குதா?"

"ஜீப்புதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினேன்.